மேட்டுத் தொட்டி பற்றிய மறுப்பு

ஒருத்தி நல்லது செய்யக் கிளம்பினால் ஊர் கேட்கிற முதல் கேள்வி, "இதுல அவளுக்கு என்ன லாபம்?" என்பதுதான். பேப்பர்க்காரி இணையத்தில் ஊர்ச்செய்தி நடத்தப் போகிறாள் என்று தெரிந்ததும் இந்த ஊரும் அதையே கேட்டது. நேராக அவளிடம் கேட்டதா என்றால், அதுதான் இல்லை. அவளைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டது.

பேப்பர்க்காரி என்பது ஊர் வைத்த பெயர். பெரிய நகரத்துப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்தப் போனவள், படிப்படியாக உதவி ஆசிரியராகி, கடைசியில் அந்தப் பத்திரிகையே கதவைச் சாத்திய பிறகு பெட்டி படுக்கையோடு கணவன் ஊருக்கு வந்து சேர்ந்தாள். அதுவரை விடுமுறைக்கு விடுமுறை மனைவியாக இருந்தவள், ஒரே நாளில் முழுநேர மனைவியானாள். அவள் கணவன் ஊர்க்கோடி மேட்டில் நிற்கிற தண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டர். காலையும் மாலையும் வால்வைத் திறந்து ஊருக்குத் தண்ணீர் விடுவது, மோட்டார் போடுவது, தண்ணீரில் குளோரின் கலப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சாது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று ஊர் சொல்லும்.

பெரிய பத்திரிகைகளில் இந்த ஊர் பெயர் வரவேண்டும் என்றால் ஒரு பஸ்ஸாவது கவிழ வேண்டும். மற்றபடி இங்கே கரண்ட் போனதும், டாக்டர் வராததும், பாலம் விரிசல் விட்டதும் எவனுக்குச் செய்தி? சுற்றியிருக்கும் குட்டிக் குட்டிக் குடியிருப்புகளின் கதி இன்னும் மோசம். அதற்குத்தான் 'நாலு தெரு' என்று பெயர் வைத்து ஒரு செய்தித்தளம் தொடங்க நினைத்தாள். பணம் வரும், புகழ் வரும் என்ற கனவெல்லாம் அவளுக்கு இல்லை. "அவ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று ஊர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எதையும் கொடுப்பாள்.

ஆனால் ஊர் லேசில் சொல்லுமா?

"யாரும்மா உன் பின்னாடி இருக்கிறது?" என்று மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என் பின்னாடி என் முதுகுதான் இருக்கு."

"அது சரி. தேர்தல் வருது, நீயும் வர்ற. ரெண்டும் சேர்ந்து வருதேன்னு கேட்டேன்."

கவுன்சிலர் ஒருபடி மேலே போனார். வழியில் நிறுத்தி, "நம்மளைப் பத்தியும் ஏதாவது வருமோ?" என்றார். "நல்லது செஞ்சா நல்லதா வரும் சார்" என்றாள் இவள். அவர் சிரிக்கவில்லை. கிளம்பிப் போனவர் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தார்.

சந்தேகப்படட்டும் என்று விட்டுவிட்டாள். தன் தொழில் சுத்தம் தனக்குத் தெரியும். எந்தச் செய்தியானாலும் இரண்டு பேர் உறுதி சொல்லாமல் போடக்கூடாது, யாரைப் பற்றிய செய்தியோ அவரிடம் படித்துக் காட்டாமல் வெளியிடக் கூடாது. பத்திரிகையில் கற்றுக்கொண்ட இந்த இரண்டையும் கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

தளத்தைக் கட்டிக் கொடுத்தது கொழுந்தன். போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடையின் பின்னறைதான் 'நாலு தெரு' அலுவலகம். உடைந்த போன்களின் வயிறுகள் மேசை முழுக்கத் திறந்து கிடக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு அவள் மடிக்கணினியை வைக்க வேண்டும்.

"அண்ணி, பக்கமெல்லாம் காலியா இருந்தா எப்படித் தெரியுதுன்னே சொல்ல முடியல. சும்மா ஏதாவது பொய்ச்செய்தி எழுதிக் குடுங்க, ரொப்பிப் பார்ப்போம்" என்றான் ஒருநாள்.

"நல்லா இருக்கு லட்சணம்! கடை திறக்கிறதுக்கு முன்னாடியே பொய்யா?"

"ட்ரயல் அண்ணி. நம்ம வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் லிங்க் அனுப்புவேன். ஊருக்குத் திறக்கும்போது அழிச்சிடலாம்."

அரைமனதோடு ஆரம்பித்தவளுக்கு எழுத எழுதக் குஷி பிறந்துவிட்டது. எத்தனை வருஷம் அடுத்தவன் எழுதினதைத் திருத்தியே கழித்தவள்! நூலகம் இனி ஞாயிறும் திறந்திருக்கும் என்று எழுதினாள். போன் ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவர் சொன்ன நாளில் போனைத் திருப்பிக் கொடுத்ததால் வாடிக்கையாளர் மயக்கம் என்று எழுதினாள். கொழுந்தன் படித்துவிட்டு, "இது அநியாயம்" என்றான். வீட்டுக்காரரை மட்டும் சும்மா விடுவானேன் என்று அவருக்கும் ஒன்று: 'மேட்டுத் தொட்டித் தண்ணீரில் குளோரின் கலக்கப்படுவதில்லை, குடியிருப்போர் புகார்.' நிஜச்செய்தி மாதிரியே இருக்கட்டும் என்று, 'பெயர் சொல்ல விரும்பாத ஊழியர் ஒருவர் இதை உறுதிப்படுத்தினார்' என்று ஒரு வரியும் சேர்த்தாள். கை பழகின வரி. பத்திரிகையில் ஆயிரம் தடவை பார்த்தது.

கொழுந்தன் பெண்டாட்டிக்கும் லிங்க் போயிருந்தது. அவள் கெட்டவள் இல்லை, பெருமைக்காரி. நூலகம் அவளுக்கு வேண்டாம், புருஷன் கடை மானத்தையும் வாங்க வேண்டாம். தண்ணீர்ச் செய்திதான் நாலு பேருக்கு உபயோகம் என்று பட்டது. 'எங்க அக்கா எழுதினது' என்று மேலே ஒரு வரி போட்டு, பள்ளிக்கூடத்து அம்மாக்கள் குழுவில் தட்டிவிட்டாள். விடிவதற்குள் ஊரே படித்துவிட்டது.

காலையில் முதல் ஆளாக எதிர்வீட்டுத் தையல்காரி வந்தாள். சின்ன வயசுக்காரி, புருஷன் வெளியூரில் வேலை பார்க்க, வாசலோரத்தில் மெஷினைப் போட்டு ஒற்றை ஆளாய்க் குடும்பம் நடத்துகிறவள். இடுப்பில் மகள். ஓயாமல் பேசுவதால் அந்தக் குழந்தைக்குச் சில்வண்டு என்று தெருவே பெயர் வைத்திருந்தது.

"அக்கா, தண்ணியைக் குடிக்கலாமா கூடாதா? ஒண்ணு சொல்லுங்க. நான் பயந்துபோய் ரெண்டு சட்டி காய்ச்சி வச்சுட்டேன்."

பேப்பர்க்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, அது நான் சும்மா கட்டிவிட்டது! என் ஓரகத்தியை யாரு ஊருக்கெல்லாம் அனுப்பச் சொன்னா? சுத்தப் பொய்."

"பொய்யா?"

"பொய்."

தையல்காரி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "நெருப்பில்லாம புகையுமாக்கா?"

"இது நெருப்பே இல்லாம நானே ஊதின புகைடீ."

அவள் முழுசாக நம்பாமல்தான் போனாள். அதற்குள் வாசலில் இன்னும் நாலு பேர். எல்லாருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போன நேரத்தில் கணவர் வந்தார். மேட்டிலேயே அவரைச் சிலர் வளைத்துக்கொண்டார்களாம். முகம் வெளிறி, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை.

"யார் சொன்னா உனக்கு?" என்றார்.

"யாரும் சொல்லல. நானேதான் விளையாட்டா எழுதினேன். உங்களைக் கிண்டல் பண்ணலாம்னு…"

"ஊழியர்னு போட்டிருக்கியே. எந்த ஊழியர்?"

"எந்த ஊழியரும் இல்லைங்க. அது எழுதுற வழக்கம்."

"யாரா இருந்தாலும் சொல்லு, நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்."

இவளுக்குச் சிரிப்பு வந்தது. பொய் என்று எழுதினவளே சொல்கிறாள், இந்த மனுஷன் ஆளைத் தேடுகிறாரே! பாவம், ஊர்க்காரர்கள் மிரட்டியதில் குழம்பிப்போயிருக்கிறார் என்று அவள் மனசு இளகியது. தன்னால் வந்த அவமானம்தானே.

"சரி, உடனே மறுப்புப் போடு. தண்ணி நல்லாயிருக்குன்னு பெரிசாப் போடு" என்றார்.

"போடுறேன். ஆனா ரெண்டு பேராவது உறுதி சொல்லணும். பேரூராட்சி ஆபீஸ்ல இன்ஜினியர்கிட்ட ஒரு வார்த்தை…"

"ஆபீஸெல்லாம் எதுக்கு? தண்ணி விடுற ஆபரேட்டர் சொல்றேன், ஒண்ணு. உன் புருஷன் சொல்றேன், ரெண்டு. ரெண்டு பேர் ஆச்சுல்ல?"

அவர் ஜோக் அடிப்பதே அபூர்வம். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தாள். அந்தச் சிரிப்பை அப்புறம் நினைத்து நினைத்து அவள் வெட்கப்பட்டாள்.

'மேட்டுத் தொட்டித் தண்ணீர் பாதுகாப்பானது. தினமும் முறையாகக் குளோரின் கலக்கப்படுவதாக ஆபரேட்டர் தெரிவித்தார். முன்பு பரவியது சோதனைக்காக எழுதப்பட்ட கற்பனை. யாரும் அஞ்ச வேண்டாம்' என்று எழுதினாள். கடைசி வரியில் 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் விழுந்து, அநாதையாகத் தொங்கியது. வருஷக்கணக்காகப் பக்கம் கட்டின கண்ணுக்கு அது பொறுக்காது. வரியை நிரப்புவதற்காக, 'தண்ணீரைக் காய்ச்ச வேண்டிய அவசியமும் இல்லை' என்று சேர்த்தாள். பார்க்க அழகாக இருந்தது. இதை யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. இடம் இருந்தது, எழுதினாள்.

ஊருக்குத் திறக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்த 'நாலு தெரு', இப்படித்தான் அவசர அவசரமாகத் திறந்தது. முதல் செய்தி ஒரு மறுப்பு. ஆனால் என்ன அதிர்ஷ்டம்! பெரிய பத்திரிகையில் அவள் வேலை பார்த்த காலம் முழுக்க அவள் கைபட்ட எதையும் இத்தனை பேர் கொண்டாடியதில்லை. கவுன்சிலரே அதை எடுத்துப் பத்துக் குழுக்களில் போட்டார். மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டு, "தப்பு நடந்ததும் ஒத்துக்கிட்டு எழுதினே பாரு, அது பெரிய விஷயம். இனிமே நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றார். கேட்க ஏங்கின வார்த்தை! உச்சி குளிர்ந்து வீட்டுக்கு வந்தாள். எதிர்வீட்டு வாசலில் தையல்காரி, "படிச்சேன்க்கா. அடுப்பை அணைச்சுட்டேன்" என்று கையசைத்தாள்.

அந்தக் குளிர்ச்சி நாலு நாள் தாங்கவில்லை.

கொழுந்தன்தான் பேச்சுவாக்கில் போட்டு உடைத்தான். ஒரு போனின் மூடியை நகத்தால் நெம்பிக்கொண்டே, "அண்ணி, அண்ணன் என்ன லூசா?" என்றான்.

"ஏன்?"

"நேத்து கடைக்கு வந்து ரகசியமா கேட்கிறாரு. அந்தக் குளோரின் மேட்டரை உங்களுக்கு யாரோ அனுப்பியிருப்பாங்களாம். எந்த நம்பர்லேர்ந்து வந்ததுன்னு கண்டுபிடிக்க முடியுமாம். நீங்கதானே எழுதினீங்கன்னு சொன்னா, 'அவ யாரையோ காப்பாத்துறா'ங்கிறாரு."

சிரிக்கிற விஷயமாகத்தான் சொன்னான். அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

பொய்யைப் பொய் என்று தெரிந்தவன், அதைச் சொன்னவனைத் தேடி ஏன் அலைய வேண்டும்? பொய் சொன்னவன் மேல் கோபம் வரும், சரி. ஆனால் இவருக்குக் கோபமே வரவில்லையே. பயமல்லவா வந்தது! எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன கதையாக அல்லவா இருக்கிறது! சீச்சீ, கட்டின புருஷனைப் போய் இப்படி நினைக்கலாமா என்று தன்னையே அதட்டினாள். அதட்டினால் அடங்குகிற ஜாதியா சந்தேகம்? வீட்டுக்குப் போனதும் துவைக்கப் போட்டிருந்த அவர் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தச் சட்டைகளைத் துவைத்தவள் அவள். குளோரின் நெடி மூக்கைத் துளைக்கும்; ஒரு முறை அலசினால் போகாது; "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு நீச்சல் குளத்தைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று சண்டை பிடித்திருக்கிறாள். இந்தச் சட்டையில் வேர்வை நாற்றம் இருந்தது. எண்ணெய், கிரீஸ் எல்லாம் இருந்தது. குளோரின் இல்லை. கூடையில் கிடந்த மற்றச் சட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். எதிலும் இல்லை. கடைசியாக எப்போது அந்த நெடி அடித்தது என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை. வந்த நாளிலிருந்தே இல்லையோ?

அன்று ராத்திரி அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "என்ன பார்க்கிற?" என்றார். "சும்மாதான்" என்றாள். அவர் மறுசோறு கேட்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் உளவு பார்க்கிற மாதிரி இருந்தது அந்த வீடு.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அங்கே சாப்பாடு கொண்டுபோனதே இல்லை. மோட்டார் அறை வாசலில் அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். ஆபீசரைக் கண்டவர் மாதிரி.

"நீ எதுக்கு வந்தே?"

"ஏன், வரக்கூடாதா?"

உள்ளே போனாள். அவர் தடுக்கவில்லை, தடுக்கிற மாதிரி ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றுகொண்டார். மூலையில் குளோரின் கரைக்கிற நீலப் பீப்பாய் இருந்தது. மூடியின் மேல் விரலை வைத்தாள். தூசியில் விரல் பதிந்தது. திறந்தாள். அடியில் காய்ந்து வெடித்த வெள்ளைக் கசடு. பக்கத்தில் மருந்து செலுத்துகிற சின்ன இயந்திரம் கழற்றிய குழாயோடு குப்புறக் கிடந்தது.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

அவர் கதவைச் சாத்தினார். அப்புறம் கொட்டினார். இயந்திரம் நின்றதும் ஆபீசுக்குச் சொன்னாராம். இன்ஜினியர் இதோ பார்ட் வருகிறது, அதோ வருகிறது என்றாராம். வரும்வரை மூச்சு விடாதே, வெளியே தெரிந்தால் உன் தலைதான் உருளும் என்றாராம்.

"கையால கலக்கலாமே?"

"பவுடரும் வரல. கேட்டா, பேசாம இரு, நிலத்தடித் தண்ணி, ஒண்ணும் ஆகாதுங்கிறான்."

"நீங்களும் பேசாம இருந்துட்டீங்க. என்னை விட்டு ஊருக்கே பொய் சொல்ல வச்சீங்க."

"வேற என்ன பண்ணச் சொல்றே? உன் வேலை போயாச்சு. என் வேலையும் போனா, ரெண்டு பேரும் இந்த மேட்டுல உட்கார்ந்து காத்தைக் குடிக்கிறதா?"

அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. "ஊர்க் குழந்தைங்கல்லாம் குடிக்கிற தண்ணிங்க! நானும்தானே குடிக்கிறேன்? என்னைப் பத்திக்கூட நினைக்கலையா?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க."

"நீ குடிக்கிறது காய்ச்சின தண்ணி" என்றார். "நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி நான் காய்ச்சி ஆறவச்சுக் குடத்துல ஊத்திடுறேன்."

ஊருக்கு வந்ததிலிருந்து, தான் கண்விழிக்கும்போதே குடம் நிரம்பியிருப்பதை அவள் பார்த்துப் பூரித்துப்போயிருந்தாள். இத்தனை காலம் பிரிந்திருந்த பெண்டாட்டிக்கு மனுஷன் பணிவிடை செய்கிறார் என்று நினைத்தாள். பாசம்தான், அதில் பொய் இல்லை. அந்தப் பாசம் எதிர்வீட்டு வாசல்வரைகூடப் போகவில்லை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அவள் அதற்குக் காவல் நின்று கைதட்டியிருக்கிறாள்.

அப்போதுதான் போன் அடித்தது. கொழுந்தன். அவன் குரலில் கிண்டல் இல்லை.

"அண்ணி, எதிர்வீட்டுச் சில்வண்டை ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க. வாந்தி, வயித்துப்போக்கு. கீழ்த்தெருவிலேர்ந்தும் ரெண்டு மூணு குழந்தைங்க வந்திருக்காம். தண்ணியாலங்கிறாங்க. நாமதான் தண்ணி நல்லாயிருக்குன்னு போட்டோமே, எப்படி அண்ணி?"

ஸ்பீக்கரில் இல்லை, ஆனாலும் அந்தச் சின்ன அறையில் அது கணவருக்கும் கேட்டது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இவள் அவரைத் தேற்றவில்லை. தேற்றத் தோன்றவில்லை. அங்கேயே நின்று போனிலேயே தட்டினாள்: 'அவசரம். மேட்டுத் தொட்டித் தண்ணீரில் குளோரின் இல்லை. காய்ச்சாமல் குடிக்காதீர்கள். நாங்கள் முன்பு எழுதிய மறுப்பு தவறு.' எழுதியதை அவரிடம் நீட்டினாள். படித்தார். எழுந்து போய், காலையிலேயே மூடியிருந்த ஊர் வால்வை இன்னும் இறுக்க ஆரம்பித்தார். அவள் அனுப்பினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பதில்கள் வந்து குவிந்தன. 'முதல்ல இல்லைன்னே, அப்புறம் பொய்ன்னே, இப்ப இல்லைங்கிறே. ஏம்மா, நீ செய்தி போடுறியா, பூவா தலையா போடுறியா?' என்று ஒருவர். 'அப்பவே சந்தேகப்பட்டேன்' என்று மருந்துக்கடைக்காரர். தண்ணீர் கேன் விற்கிற கம்பெனி காசு கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறது என்று கவுன்சிலர். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஒருத்தராவது காய்ச்சப் போகிறேன் என்று சொல்வார்களா என்று தேடினாள். சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வராந்தாவின் கடைசிக் கட்டிலில் சில்வண்டு கிடந்தது. கையில் ஊசி, மேலே பாட்டில். வாய் ஓயாத குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. பயப்படும்படி இல்லை, ஆனால் நாளை வரை பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். தையல்காரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு டேப் இன்னும் தொங்கியது.

பேப்பர்க்காரி அவள் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்ஸில் உட்கார்ந்து முழுச்செய்தியையும் எழுதி முடித்திருந்தாள். வெளியிடும் முன் அதைப் படித்துக்காட்டினாள். இயந்திரம் நின்றது, ஆபீஸ் மறைத்தது, ஆபரேட்டர் மறைத்தது, அந்த ஆபரேட்டர் தன் கணவர் என்பது, விசாரிக்காமல் தான் மறுப்பு எழுதியது, காய்ச்ச வேண்டாம் என்பதை யாரும் சொல்லாமல் தானே சேர்த்தது. எதையும் விடவில்லை என்று அவள் நினைத்தாள். ஒன்றை விட்டிருந்தாள். அது வீட்டு விஷயம், செய்தி இல்லை என்று பஸ்ஸிலேயே தனக்குத்தானே சொல்லியும் முடித்திருந்தாள்.

தையல்காரி கடைசிவரை கேட்டாள். பிறகு, "ஒண்ணு கேட்கிறேன்" என்றாள். "ஒரே குழாய்த் தண்ணிதானே ரெண்டு வீட்டுக்கும்? உங்க வீட்டுல யாருக்கும் ஒரு வயித்துவலிகூட இல்லையேக்கா. எப்படி?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. உடம்பு வாகு என்று சொல்லியிருக்கலாம்.

"அவரு காய்ச்சி வச்சிருக்காரு" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"மெஷின் நின்னதுலேர்ந்து."

தையல்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அதுவரை இருந்த 'அக்கா' போய்விட்டது. "நீ எழுதினதை நம்பித்தான் நான் அடுப்பை அணைச்சேன்."

"எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. இன்னைக்குத்தான், சித்த முன்னாடிதான்…"

"அதையும் எழுது."

எழுதினாள். எழுத்துகள் மாறி மாறி விழுந்தன; திருத்தித் திருத்தி எழுதினாள். 'ஆபரேட்டரின் வீட்டில் மட்டும் தண்ணீர் காய்ச்சிக் குடிக்கப்பட்டது. இதை எழுதும் அவருடைய மனைவிக்கு அது தெரியாது.' படித்துக்காட்டினாள்.

"கடைசி வரியை எடுத்துடு" என்றாள் தையல்காரி.

"அது நிஜம்மா."

"நிஜமாவே இருந்துட்டுப் போகட்டும். உன் வீட்டு அடுப்பு எரியிறது உனக்குத் தெரியாதுன்னு நீ சொல்ற. இங்க நேருக்கு நேரா உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருக்கேன், என்னாலயே நம்ப முடியல. ஊர்ல எவன் நம்புவான்? அந்த ஒரு வரியைப் பார்த்துட்டு, இவ இப்பவும் புளுகுறான்னு மத்த எல்லாத்தையும் தூக்கி வீசிடுவான். அப்புறம் எவனும் காய்ச்ச மாட்டான்."

பேப்பர்க்காரி அந்த வரியைப் பார்த்தாள். எழுதினதிலேயே அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் தெரிந்தே செய்தாள் என்று ஆகிவிடும்; இன்றைக்கும் ஆகும், அவள் கிழவியான பிறகும் ஆகும். பக்கத்துக் கட்டிலில் கீழ்த்தெருக் குழந்தை ஒன்று ஓங்கரித்தது. அதன் அப்பா பாத்திரத்தை ஏந்திக்கொண்டு ஓடினார். அவள் அந்த வரியை அழித்தாள். மீதியை அனுப்பினாள்.

சில்வண்டு கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றது. பேப்பர்க்காரி வரும் வழியில் கடையில் வாங்கி வந்த பாட்டிலை எடுத்து அவசரமாக மூடியைத் திருகினாள். தையல்காரி அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள். பிறகு தன் பையிலிருந்து வேறொரு பாட்டிலை எடுத்துத் திறந்து, ஒரு வாய் தான் குடித்துப் பார்த்துவிட்டு, மகளுக்குக் கொடுத்தாள்.